கோட்டுக்குக் கீழே உள்ள எண்: பொன்னம்பலம் அருணாசலமும் நாம் எண்ணப்பட்ட கதையும்

நாடுகளின் இணையப் பாவனையை ஒப்பிடும் வரைபடங்கள் வருடாவருடம் வெளிவருகின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு. சில கோடுகள் செங்குத்தாக ஏறுகின்றன, சில தவழ்கின்றன. 2024இல் உலகில் ஏறத்தாழ 550 கோடிப் பேர், அதாவது 68 சதவீதத்தினர், இணையத்தைப் பாவித்தார்கள் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. செய்தி எழுதும் எங்களைப் போன்றவர்கள் இலங்கையின் கோட்டைத் தேடிப் பிடித்து, இந்தியாவுக்கு மேலே நிற்கிறதா, மாலைதீவுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துத் தலைப்புப் போட்டுவிடுவோம்.

சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. கோட்டுக்கு மேலே இணையம் பாவிப்போரின் தொகை, கோட்டுக்குக் கீழே மக்கள் தொகை. மேலே உள்ள எண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கீழே உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதை யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய் எண்ணியிருக்க வேண்டும்.

வடக்கு, கிழக்கில் அப்படி யாரும் வராத காலம் ஒன்று இருந்தது. 1981இல் நாடு முழுவதும் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நடக்கவேண்டியது யுத்தத்தால் நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் அது முழுமையாக முடிந்தது. எங்கள் அம்பாறை அந்தப் பதினெட்டில் இருந்தது. பக்கத்திலுள்ள மட்டக்களப்பும், திருகோணமலையும், வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இல்லை. 2012இல்தான் மறுபடியும் எல்லா மாவட்டங்களும் எண்ணப்பட்டன. இடையில் 31 ஆண்டுகள். இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை தொடங்கியது 1995இல். ஆகவே இணையம் இந்த நாட்டுக்குள் பரவிய முதல் பதினேழு ஆண்டுகளில், வடக்கு, கிழக்கின் பெரும்பகுதிக்குக் கோட்டுக்குக் கீழே எழுத முழுமையான குடிசனக் கணக்கெடுப்பில் எண்ணி எடுத்த புதிய எண் இல்லை, பெரும்பாலும் மதிப்பீடுகள்தான் இருந்தன. கொல்லப்பட்டவர்கள், கடல் கடந்து போனவர்கள், முகாம்களில் இருந்தவர்கள், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் என எல்லோரும் அந்த மதிப்பீடுகளுக்குள் எங்கோ இருந்தார்கள், அல்லது இல்லாமல் இருந்தார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லெபனானில் கடைசியாகக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். எந்த மதத்தவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அந்த எண்களே தீர்மானிப்பதால், மீண்டும் எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை. லெபனானின் இணையப் பாவனைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போடத்தான் செய்கிறார்கள்.

இலங்கையில் இந்தக் கீழெண்ணைத் தேடிப் பின்னோக்கிப் போனால் ஒரு தமிழரிடம் போய் நிற்போம். சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராகப் பாடப் புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. அவர் நாட்டை எண்ணியவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1853 செப்டெம்பர் 14இல் கொழும்பில், வசதியும் செல்வாக்கும் உள்ள ஒரு குடும்பத்தில் பிறந்தார். தந்தை கேற் முதலியார் பொன்னம்பலம். அண்ணன்மார் குமாரசுவாமியும் இராமநாதனும். பின்னாளில் றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். 1875இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்தார். திறந்த போட்டி மூலம் அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். பரீட்சை திறந்திருந்ததே தவிர, மேலே போகும் படிகள் திறந்திருக்கவில்லை. மாவட்டங்களை ஆளும் பதவிகள் வெள்ளையருக்கு, நீதிமன்றப் பதவிகள் அருணாசலம் போன்றவர்களுக்கு என்ற எழுதாத விதி ஒன்று இருந்தது. பல ஊர்களில் நீதிபதியாகவே அவருடைய முதல் ஆண்டுகள் கழிந்தன.

1880களின் கடைசியில், ஆளுநர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். மூத்த வெள்ளை அதிகாரிகள் பலரைத் தாண்டி வந்த நியமனம் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. அவர் பொறுப்பேற்ற திணைக்களமோ குழம்பிக் கிடந்தது. ஒரே காணிக்குப் பல உறுதிகள் இருந்தன. மோசடி உறுதிகள் பதிவாகின. ஓர் ஆவணத்தைத் தேடிப் போனவர் அலைந்து களைத்துத் திரும்ப வேண்டியிருந்தது. காணிப் பதிவையும் பிறப்பு, இறப்புப் பதிவையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, ஆவணங்களைக் காப்பதற்கும் தேடி எடுப்பதற்கும் முறை ஏற்படுத்தியவர் அருணாசலம்.

பதிவேடு என்றால் என்னவென்று இந்தக் கரையோரத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான்; 10 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர வீடுகள் போனபோது பெட்டிக்குள் இருந்த உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் போயின. இடம்பெயர்வுகளில் தொலைத்தவர்களின் கதையும் இதுதான். பிரதி எடுக்க அலுவலகங்களுக்கு அலைந்தவர்கள், எங்கோ ஒரு தடித்த புத்தகத்தில் தன் பெயரோ காணியின் எல்லையோ மை மங்காமல் இருந்தால், தான் இன்னும் இந்த நாட்டில் இருப்பதாக உணர்ந்தார்கள். அந்தப் பழைய புத்தகங்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் அருணாசலத்தின் காலத்தில் வேரூன்றியது.

1901 கணக்கெடுப்பின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு தீவில் நடந்த நான்காவது பத்தாண்டுக் கணக்கெடுப்பு அது. கணக்கெடுப்பு நாள் 1901 மார்ச் 1. விடை 3,565,954 பேர். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகம். கிழக்கு மாகாணத்தில் 173,602 பேர். நாட்டின் தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அப்போது அம்பாறை என்றொரு மாவட்டமே கிடையாது. கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்பட்டது.

அந்தத் தொகைக்கு வெளியே தனியாக எழுதப்பட்ட மூன்று எண்கள் என்னை நிறுத்திவைத்தன. படையினர் 3,360. கப்பல்களில் இருந்தோர் 4,106. யுத்தக் கைதிகள் 4,913. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர்கள் இங்கே கொண்டுவரப்பட்டுத் தியத்தலாவை முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். வேறொரு கண்டத்து யுத்தத்தின் கைதிகளைக்கூட ஒரு தனி வரியில், கடைசி ஆள்வரை எண்ணி வைத்திருக்கிறது 1901இன் கணக்கெடுப்பு. 2009க்குப் பிறகு எங்கள் நாட்டில் எண்களைப் பற்றி நடந்த சண்டைகளை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால், கை அடுத்த பக்கத்தைப் புரட்ட மறுக்கிறது.

அருணாசலம் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுப்பல்ல. தீவின் வரலாறு, இனங்கள், மதங்கள், மொழிகள், வழக்கங்கள் என்று விரிந்து போகும் நூல் அது. இங்கிலாந்திலும் பாராட்டப்பட்டது. என்னைக் கேட்டால் அதன் உயிர் அட்டவணைகளில்தான். கரையோரச் சிங்களவர் 1,458,320. கண்டிச் சிங்களவர் 872,487. தமிழர் 951,740. சோனகர் 228,034. மலாயர் 11,902. வேடர் 3,971. பறங்கியர், ஐரோப்பியர், ஏனையோர் தனித்தனியாக.

சோனகர் என்ற அந்த வரியைக் கவனிக்க வேண்டும். 1885இல் சட்டசபையிலும், பின்னர் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என்று வாதிட்டவர் வேறு யாருமல்ல, அருணாசலத்தின் அண்ணன் இராமநாதன். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனி ஆசனம் கொடுப்பதா இல்லையா என்ற கேள்வி எழுந்த வேளையில் வந்த வாதம் அது. 1889இல் முஸ்லிம்களுக்கு நியமன ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு ஒரு முழு நூலால் மறுப்பு எழுதினார். இந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்பதைக் கல்முனையின் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். இந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில் நிற்கிறது தம்பியின் கணக்கெடுப்பு. அதில் சோனகர் தமிழருக்குள் கரைக்கப்படவில்லை. முந்தைய கணக்கெடுப்புகளில் இருந்த தனி வரி அப்படியே இருந்தது. அதை அருணாசலத்தின் பெருந்தன்மை என்று நான் எழுத மாட்டேன். நிர்வாக வழமை அது. ஆனாலும் அண்ணனின் கட்டுரையைவிட அதிக காலம் வாழ்ந்தது தம்பி தொகுத்த அட்டவணையின் வரிதான்.

தமிழருக்கான வரிக்கு வேறொரு கதை உண்டு. 1901இல் யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும் ஒரே எண்ணுக்குள் இருந்தார்கள். 1911இல் டென்ஹம் என்ற வெள்ளை அதிகாரி நடத்திய கணக்கெடுப்பு அந்த எண்ணை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாக வெட்டியது. இரண்டு துண்டும் ஏறத்தாழச் சம அளவு, தலா ஐந்து இலட்சத்துக்கு மேல். சோனகரும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரிக்கப்பட்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது, யாரை வெளியே தள்ளுவது என்பதற்கான பெயர் 37 ஆண்டுகளாக அட்டவணையில் தயாராக இருந்தது.

இணையப் பாவனையை ஆராய்பவர்களுக்கு 1901இல் இன்னொரு பாடமும் உண்டு. அன்றைய இணையம் எழுத்தறிவு. 1881இல் இலங்கையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 17.4. 1901இல் 26.4. 1921இல் 39.9. இதைக் கோடாக வரைந்தால், இன்றைய இணையக் கோட்டைப் போலவே மெதுவாகத் தொடங்கிப் பிறகு வேகம் பிடித்து ஏறும். அந்தச் சராசரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது: 1901இல் ஆண்கள் 42.0, பெண்கள் 8.5. இருபத்தாறு என்ற எண்ணுக்குரிய மனிதர் ஒருவர்கூட எந்தத் தெருவிலும் நடந்திருக்க மாட்டார். இன்று இலங்கையில் மக்கள் தொகையைவிட சிம் அட்டைகள் அதிகம் என்று பெருமைப்படுகிறோமே, அதுவும் இப்படிப்பட்ட ஒரு சராசரிதான். வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருக்கும்; அது யார் கையில் இருக்கிறது என்பது அட்டவணைக்குத் தெரியாது. கொரோனாக் காலத்தில் மூன்று பிள்ளைகள் ஒரு போனில் பாடம் படித்த வீடுகளுக்கு அது தெரியும்.

கேள்வி கேட்கும் விதத்தாலும் எண் மாறும். கொழும்பில் இயங்கும் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் இந்தோனேசியாவில் கண்டது சுவையானது. தாங்கள் இணையம் பாவிப்பதில்லை என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னவர்களே, பேச்சோடு பேச்சாகத் தாங்கள் பேஸ்புக் பாவிப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பேஸ்புக் வேறு, இணையம் வேறு. எங்கள் ஊர்களில் அந்தக் கால உம்மும்மாமார் பலர் அறபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடையில்லாமல் ஓதுவார்கள், தமிழ் எழுத்துக் கடிதத்தை வாசிக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அவர்களிடம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். எண்ணுபவர் வாசலில் நின்று அதை எப்படி எழுதிக்கொண்டாரோ, அதுவே வரலாறு.

அருணாசலம் அதற்குப் பிறகும் அரச சேவையில் உயர்ந்தார். 1906இல் சட்டசபைக்குள்ளும், 1912இல் நிர்வாக சபைக்குள்ளும் போனார். 1913இல் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் வந்தது. அறுபது வயது மனிதர் வீட்டில் அமர்ந்து திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வேலையோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். 1915இல் சமூக சேவைக் கழகம், 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் என்று தொடங்கினார். 1917 ஏப்ரலில் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை சுயாட்சி இயக்கத்துக்கு உயிர் கொடுத்தது. 1919 டிசம்பர் 11இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது முதல் தலைவர் அவர்.

காங்கிரஸ் கேட்டது பிரதேசவாரிப் பிரதிநிதித்துவம். இனத்துக்கு ஓர் ஆசனம் என்ற பழைய நியமன முறை வேண்டாம், ஊருக்கு ஓர் ஆசனம் போதும், படித்த இலங்கையர் இனம் பார்த்தா வாக்களிப்பார்கள் என்ற நம்பிக்கை. முஸ்லிம்கள் இதை ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்த்தார்கள். நாடு முழுவதும் சிதறி வாழும் நூற்றுக்கு ஆறு பேர் எந்த ஊரில் பெரும்பான்மையாவார்கள்? அந்த ஆறு சதவீதத்தைத் தன் கையால் அட்டவணையில் சேர்த்தவர் அருணாசலம். ஆனாலும் அந்தக் கணக்கை அவர் அப்போது போட்டுப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தவரைக் காங்கிரஸுக்குள் கொண்டுவர, மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படும் என்ற உறுதிமொழியை 1918இன் கடைசியில் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்தில் கொடுத்தார்கள். அதை நம்பி அருணாசலம் தன் மக்களுக்குப் பிணை நின்றார். உறுதிமொழி காப்பாற்றப்படவில்லை. 1921இல் நடந்த தேர்தலில் பிரதேசவாரி ஆசனங்களில் 13 சிங்களவருக்கும் 3 தமிழருக்கும் போயின. முன்பு சட்டசபையில் ஏறத்தாழச் சமமாக இருந்தவர்கள் ஒரே தேர்தலில் மூன்றாகினார்கள். யாரும் கள்ளவாக்குப் போடவில்லை. எல்லாம் அவருடைய அட்டவணையிலேயே இருந்த எண்கள்தான்.

அந்த ஆண்டே அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தொடங்கினார். நாட்டின் தலைவராக எழுந்தவர் இனத்தின் தலைவராக முடிந்தார் என்று சிங்கள வரலாற்றாசிரியர்கள் குறைப்படுவதுண்டு. தமிழ்த் தேசியத்தின் விதை என்று தமிழ்ப் பக்கம் கொண்டாடுவதுண்டு. கல்முனையிலிருந்து பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. 1889இல் சோனகர் கேட்ட அதே பாதுகாப்பை, 1918இல் தன் இனத்துக்காக அவரும் கேட்க வேண்டி வந்தது. பெரும்பான்மைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும்வரை எண்ணிக்கை யாரையும் சுடுவதில்லை.

இன்று இங்கே அந்தச் சண்டை சின்ன அளவில் நடக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019இல் தமிழர் தரப்பு உண்ணாவிரதமிருந்தது. முஸ்லிம் தரப்பு அதற்கெதிராகத் தன் நியாயங்களை வைத்தது. இரு பக்கத்தாரும் மேசையில் போட்டவை கிராம சேவகர் பிரிவுவாரியான குடிசன அட்டவணைகள். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கேட்டவர்களும் அதே அட்டவணைகளோடுதான் வந்தார்கள். 2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தின் 649,402 பேரில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சோனகர், 17 பேர் அளவில் தமிழர். எல்லைக் கோட்டை எங்கே கீறுவது என்பதைப் பொறுத்து இந்த இரு தரப்பில் யாரும் பெரும்பான்மையாகலாம், யாரும் சிறுபான்மையாகலாம். 2024இன் கணக்கெடுப்புக்கு உத்தியோகத்தர்கள் டெப்லட்டோடு வீடுகளுக்கு வந்தபோது, வாசலில் நின்று தங்கள் வீட்டை எந்தப் பிரிவுக்குள் போடுகிறீர்கள் என்று திரும்பக் கேட்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

அருணாசலம் 1923இன் கடைசியில் தென்னிந்தியக் கோயில்களுக்கு யாத்திரை போனார். 1924 ஜனவரி 9இல் மதுரையில் காலமானார். வயது எழுபது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1921இல், இலங்கை மறுபடியும் எண்ணப்பட்டிருந்தது. தொகை 4,498,605. தமிழரும் சோனகரும் அதிலும் தனித்தனி வரிகளில் இருந்தார்கள்.